இறக்கிய வீடியோவை வீட்டு டிவிடி பிளேயரில் ஓடவைக்க

கல்யாண வீடியோவை இப்போது கேமராக்காரர் லிங்க்காக அனுப்பிவிடுகிறார். கும்பாபிஷேகம், தேரோட்டம், கச்சேரி எல்லாமே அப்படித்தான் கைக்கு வருகின்றன. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதனால் சிரமமில்லை. ஆனால் பார்க்க வேண்டிய பெரியவர்கள் திருவையாற்றிலோ வலங்கைமானிலோ திருத்துறைப்பூண்டியிலோ இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு பழைய டிவிடி பிளேயரும், 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குல டிவியும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ரிமோட்டில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்களிடம் செல்போனைக் கொடுத்துப் பழகச் சொல்வதைவிட, வீடியோவை அந்தப் பிளேயருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பதே சரி.

இதில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சறுக்குவது ஓரிடத்தில்தான். இறக்கிய எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஓடும், பிளேயரில் ஓடாது. எம்பி4 என்பது உறையின் பெயர். உள்ளே இருக்கும் படம் பெரும்பாலும் ஹெச்.264 முறையில் சுருக்கப்பட்டது. சில சமயம் ஹெச்.265, விபி9. பழைய பிளேயரின் சிப்புக்கு இவை எதையும் பிரிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எம்பெக்-2. சில பிளேயர்களுக்கு அதோடு டிவ்எக்ஸ், எக்ஸ்விட் எனப்படும் எம்பெக்-4 வகையும் தெரியும். கோப்பின் பெயரை ஏவிஐ என்று மாற்றி வைத்தாலும் உள்ளே இருப்பது மாறாது. கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருள் வைத்திருந்தால், கோப்பைத் திறந்து டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் பாருங்கள். படம் எந்த முறை, அளவு என்ன, நொடிக்கு எத்தனை ஃபிரேம், ஒலி என்ன வகை, எல்லாம் அங்கே இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் பிளேயரைப் பாருங்கள்

பிளேயரின் முகப்பில் யூஎஸ்பி துளை இருக்கிறதா, டிவ்எக்ஸ் அல்லது எம்பெக்-4 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பென்டிரைவ் வழி போதும், டிஸ்க் எரிக்கவே (பர்ன் செய்து எழுதவே) வேண்டாம். மீடியாடெக் நிறுவனத்தின் எம்டி1389 சிப் போட்ட மலிவு விலைப் பிளேயர்கள் நம் ஊர்க் கடைகளில் ஏராளமாக விற்றன. அவற்றில் பல எக்ஸ்விட் கோப்பைப் பிரச்சினையில்லாமல் ஓட்டும். முத்திரை இல்லை, யூஎஸ்பி துளையும் இல்லை என்றால் முறையான டிவிடி-வீடியோ டிஸ்க், அதாவது கடையில் விற்கும் பட டிவிடியின் அமைப்பிலேயே எழுதிய டிஸ்க் மட்டுமே வழி. அதுதான் எந்தப் பிளேயரிலும் ஓடும் என்று நம்பிக் கொடுக்கத்தக்கது. பத்து உறவினர் வீட்டுக்குக் கொடுக்கப் போகிறீர்கள், யார் வீட்டில் என்ன பிளேயர் என்று தெரியாது என்றால் யோசிக்காமல் டிவிடி-வீடியோவாகவே செய்யுங்கள்.

பென்டிரைவ் வழி

8 அல்லது 16 ஜிபி பென்டிரைவ் போதும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டும் பழைய பிளேயருக்குத் தெரியாது. 32 ஜிபிக்கு மேற்பட்டதை வாங்கினால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னலில் ஃபேட்32 என்ற தேர்வே வராமல் போகலாம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகாதீர்கள். அது சுழலத் தேவையான மின்சாரத்தைப் பிளேயரின் யூஎஸ்பி துளை பெரும்பாலும் தராது.

மாற்றுவதற்கு அவிடிமக்ஸ் என்ற இலவச மென்பொருள் வசதியானது. வீடியோ அவுட்புட்டில் எம்பெக்4 ஏஎஸ்பி எக்ஸ்விட், ஆடியோ அவுட்புட்டில் எம்பி3, அவுட்புட் ஃபார்மேட்டில் ஏவிஐ என்று தேர்ந்தெடுங்கள். வீடியோ ஃபில்டரில் ரீசைஸ் சேர்த்து, அகலத்திரைப் படமென்றால் 720க்கு 400 பிக்சல், பழைய 4:3 படமென்றால் 640க்கு 480 வையுங்கள். 720க்கு 576 என்ற எல்லையைத் தாண்டினால் பல பிளேயர்கள் படத்தைக் காட்டாது, ஒலி மட்டும் கேட்கும். எக்ஸ்விட் அமைப்புக்குள் போய் க்யூபெல், ஜிஎம்சி என்ற இரண்டு கூடுதல் சுருக்கத் தேர்வுகளையும் அணைத்துவிடுங்கள். கணினிக்கு அவை சுமையில்லை, பிளேயர் சிப் திணறும். சராசரி வேகம் 1500 கேபிபிஎஸ் (நொடிக்கு 1500 கிலோபிட்), ஒலி 128 வைத்தால் இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய 1.5 ஜிபி வரும். 2 ஜிபியைத் தாண்டிய கோப்பில் சில பிளேயர்கள் நடுவில் நின்றுவிடுவதால், நீளமான விழாவை இரண்டு மூன்று கோப்பாகப் பிரித்துவிடுவது நல்லது.

கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக, முன்னால் 01, 02 என்று எண் போட்டு வையுங்கள். தமிழ்ப் பெயர் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். இன்னொன்று: பல பிளேயர்கள் அகரவரிசையைப் பார்ப்பதில்லை, பென்டிரைவில் எது முதலில் காப்பி ஆனதோ அதை முதலில் ஓட்டும். முகூர்த்தம் முடிந்த பிறகு மாப்பிள்ளை அழைப்பு வருவது இதனால்தான். காலியான பென்டிரைவில் ஒவ்வொரு கோப்பாக, வரிசைப்படி காப்பி செய்யுங்கள்.

டிவிடியில் எவ்வளவு கொள்ளும்

டிஸ்க் வழியில் மனதைச் செலுத்த வேண்டிய இடம் இதுதான். மற்றதெல்லாம் பட்டன் அழுத்துவது.

4.7 ஜிபி என்று உறையில் போட்டிருக்கும் டிஸ்க், விண்டோஸ் கணக்கில் 4.37 ஜிபி. அதையும் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. டிஸ்க் உள்ளிருந்து வெளிப்பக்கமாக எழுதப்படுகிறது. வெளி விளிம்பில்தான் கீறலும் கைரேகையும் அதிகம் படும். மலிவு டிஸ்க்கில் பூச்சும் அங்கேதான் மோசமாக இருக்கும். படம் முக்கால் பாகம் நன்றாக ஓடி, கடைசியில் கட்டம் கட்டமாக உடைவதற்குக் காரணம் இது. 4.2 ஜிபி அளவில் நிறுத்திக்கொண்டால் அந்த விளிம்பு காலியாக இருக்கும்.

கணக்கு எளிது. 6,00,000ஐப் படத்தின் நீளத்தால், நிமிடக் கணக்கில், வகுங்கள். வருவது படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு எத்தனை கிலோபிட் எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவு. 120 நிமிடப் படத்துக்கு 5000. அதில் ஒலிக்கு 192 போனால் படத்துக்கு 4800. 150 நிமிடத்துக்கு 4000, படத்துக்கு 3800. 180 நிமிடத்துக்கு 3333, படத்துக்கு 3140. ஒரு மணி நேரப் படத்துக்கு 10,000 என்று வரும், ஆனால் அவ்வளவு வைக்கக் கூடாது. டிவிடி விதிப்படி படத்துக்கு உச்ச வரம்பு 9800. வீட்டில் எரித்த டிஸ்க்கில் அந்த வேகத்தைப் பழைய லென்ஸ் தொடர்ந்து படிக்காமல் திக்கும். 8000க்கு மேல் போக வேண்டாம்.

இந்த எண்ணை எங்கே தாராளமாக வைப்பது, எங்கே இறுக்கிப் பிடிப்பது என்பது படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எம்பெக்-2 முறை, முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கிறது. மேடையில் நாலு பேர் உட்கார்ந்து பாடும் கச்சேரியில் பின்திரை அசையாது. 3000 கேபிபிஎஸ் கூடப் போதும், முகம் தெளிவாக இருக்கும். திருவாரூர் ஆழித்தேர் நகரும் காட்சியில் ஆயிரக்கணக்கான தலைகள், தேர்ச்சீலை, வடம் எல்லாம் ஒரே நேரத்தில் அசைகின்றன. அங்கே 3000 வைத்தால் கூட்டம் முழுவதும் கஞ்சி போலக் குழைந்துவிடும். காற்றில் அலையும் நெல்வயல், கொள்ளிடத்தில் புதுவெள்ளம், இரவு வாணவேடிக்கை இவையும் அப்படித்தான். சம்பா வயலை டிரோனில் எடுத்த பத்து நிமிடம் ஒரு மணி நேரக் கச்சேரியைவிடக் கடினமான சரக்கு. இப்படிப்பட்ட படத்துக்கு 5500, 6000 கொடுங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு டிஸ்க்காகப் போடுங்கள். மூன்று மணி நேரத் தேரோட்டத்தை ஒரே டிஸ்க்கில் அடைப்பது வேண்டாத சிக்கனம்.

கணக்கில் படத்துக்கு 3000க்குக் கீழே வந்து, டிஸ்க்கையும் பிரிக்க முடியாது என்றால், அளவை 720க்கு 576லிருந்து 352க்கு 576 ஆகக் குறைக்கலாம். இதுவும் டிவிடி விதிக்கு உட்பட்ட அளவே. சிறிய டிவியில் வித்தியாசம் தெரியாது; கட்டம் கட்டமாக உடைவதற்கு இலேசான மங்கல் எவ்வளவோ மேல்.

ஒலியை மறந்துவிடாதீர்கள். பேச்சுக்கு 192 போதும். நாகஸ்வரம், தவில் இருக்கும் இடத்தில் 192ஐ நம்ப வேண்டாம். தவிலின் ஒவ்வொரு சொல்லும் கூர்மையாகத் தொடங்கி உடனே அடங்குவது. அதிகம் சுருக்கினால் அந்தக் கூர்மை மழுங்கி, நாகஸ்வரத்தின் மேல்ஸ்தாயியும் கரகரக்கும். ஏசி3 (டால்பி டிஜிட்டல்) முறையில் 384 வையுங்கள். திருவையாற்றுப் பஞ்சரத்ன கோஷ்டி போன்ற பதிவுக்குப் படத்தைக் குறைத்தாவது ஒலிக்கு இடம் விடுங்கள். கேட்பவர்கள் அதைத்தான் கவனிப்பார்கள். சுருக்காத பிசிஎம் ஒலி 1536 கேபிபிஎஸ் தின்னும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கச்சேரிக்கு மட்டும் அது கட்டுப்படியாகும்.

மாற்றும் வேலை

டிவிடி-வீடியோ செய்வதற்கான டிவிடிஸ்டைலர் மென்பொருள் இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். புதிய புராஜெக்ட் தொடங்கும்போதே எல்லாவற்றையும் கேட்டுவிடும். வீடியோ ஃபார்மேட்டில் பால் (PAL) என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டு முறை அது: 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி வைத்தால் சில பழைய டிவிகளில் படம் கறுப்பு வெள்ளையாக ஓடும் அல்லது மேலும் கீழும் உருளும். ஆடியோவில் ஏசி3, 48 கிலோஹெர்ட்ஸ். ஆஸ்பெக்ட் ரேஷியோவில் உங்கள் வீடியோ எதுவோ அது. அகலத்திரை வீடியோவுக்கு 16:9 வைத்துவிட்டு, பழைய 4:3 டிவி வீட்டில் பிளேயரின் செட்டப் மெனுவில் டிவி வகையை 4:3 லெட்டர்பாக்ஸ் என்று மாற்றிவிடுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரிவார்கள். டிஸ்க்கில் குற்றம் என்று நினைத்துத் திரும்ப எரிக்கிறவர்கள் நிறைய. வீடியோ பிட்ரேட்டில் ஆட்டோ என்பதை எடுத்துவிட்டு நீங்கள் கணக்குப் போட்ட எண்ணைக் கொடுங்கள்.

கோப்பை நேரடியாக உள்ளே போடுவதற்கு முன் ஒரு சோதனை. செல்போனில் எடுத்த வீடியோவில் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது. வெளிச்சம் குறைந்தால் 30 என்பது 24க்கு இறங்கும். அதை அப்படியே மாற்றினால் தொடக்கத்தில் சரியாக இருந்த உதட்டசைவும் குரலும் அரை மணி நேரத்தில் தனித்தனியாகப் போய்விடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேட் 25, கான்ஸ்டன்ட் என்று வைத்து, தரத்தை ஆர்எஃப் 17 அளவில் கொடுத்து ஒரு இடைக்கோப்பு எடுங்கள். அதை டிவிடிஸ்டைலரில் போடுங்கள். ஹேண்ட்பிரேக் டிவிடி எழுதாது, இந்த இடைவேலைக்கு மட்டும்தான். கணினியில் ஓட்டும்போது வேகமாக அசையும் இடங்களில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால் அது இன்டர்லேஸ் வீடியோ. அதையும் இங்கேயே டீஇன்டர்லேஸ் போட்டுச் சரிசெய்துவிடுங்கள். தமிழ் சப்டைட்டில் இருந்தால் பர்ன் இன் என்பதைத் தேர்ந்தெடுத்துப் படத்தோடு பதித்துவிடுவதே பத்திரம். பழைய குழாய் டிவி நாலு பக்க விளிம்பையும் கொஞ்சம் மறைக்கும் என்பதால், எழுத்து ஓரத்தை ஒட்டி இருக்கக் கூடாது.

மெனு எளிமையாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு டிஸ்க்கைப் போட்டவுடன் படம் ஓடினால் போதும். மெனு இல்லாமலே செய்யலாம். அதற்குப் பதில் பத்து நிமிடத்துக்கு ஒரு சாப்டர் வையுங்கள். ரிமோட்டில் அடுத்தது பட்டனை அழுத்தித் தாண்டிப் போக அது உதவும்.

இப்போது பர்ன் அழுத்தும்போது நேராக டிஸ்க்குக்குப் போகாமல் ஐஎஸ்ஓ இமேஜ், அதாவது முழு டிஸ்க்கின் நகலை ஒரே கோப்பாக வைத்தது, என்று எடுங்கள். பழைய கணினியில் மாற்றும் வேலைக்கே சில மணி நேரம் பிடிக்கும். அதற்குள் கரண்ட் போனால் நேரம் மட்டும் நஷ்டம். எழுதும்போது போனால் டிஸ்க்கும் நஷ்டம். ஐஎஸ்ஓவை விஎல்சியில் திறந்து தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பாருங்கள். உதட்டசைவு முடிவில் சரியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

டிஸ்க்கில் எழுதுவது

டிவிடி-ஆர் (DVD-R) எனப்படும் மைனஸ் வகையை வாங்குங்கள். அதை மிகப் பழைய பிளேயரும் படிக்கும். பிளஸ் வகைதான் (DVD+R) கிடைத்தது என்றால், டிரைவ் அனுமதித்தால், டிஸ்க் எழுதும் மென்பொருளான இம்ஜ்பர்னில் புக் டைப்பை (டிஸ்க் தன் வகையைச் சொல்லும் குறியை) டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதுங்கள். ஓடும் வாய்ப்பு கூடும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கின் எதிரொளிப்பு மிகக் குறைவு. பழைய லென்ஸ் அதை டிஸ்க்காகவே கண்டுகொள்ளாது. அந்தப் பிளேயர் ஆர்டபிள்யூவைப் படிக்கிறது என்று தெரிந்தால் மட்டும் முதல் சோதனைக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இம்ஜ்பர்னில் ரைட் இமேஜ் ஃபைல் டு டிஸ்க் தேர்ந்தெடுத்து, வேகத்தை 4 அல்லது 8 எக்ஸ் வையுங்கள். 16 எக்ஸ் என்று டிஸ்க்கில் போட்டிருந்தாலும் அவசரப்பட வேண்டாம். வெரிஃபை டிக் இருக்கட்டும். மேசைக் கணினியில் யூபிஎஸ் இல்லாவிட்டால் மழைக்கால மாலையில் எழுதாதீர்கள். லேப்டாப்பில் அந்தக் கவலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்த டிஸ்க் கட்டு ஈரம் பிடிக்கும். தேவையானதை மட்டும் எடுத்துவிட்டு மூடிவிடுங்கள்.

எழுதி முடித்த டிஸ்க்கைக் கணினியில் திறந்தால் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டரும், அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி கோப்புகளும் தெரிய வேண்டும். ஒவ்வொரு விஓபியும் 1 ஜிபிக்குள் துண்டு துண்டாக இருப்பது இயல்பு. ஐஎஸ்ஓ கோப்பே ஒற்றைக் கோப்பாகத் தெரிந்தால், இமேஜாக எழுதாமல் சாதாரண டேட்டாவாக எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த டிஸ்க் பிளேயரில் ஓடாது.

ஓடவில்லை என்றால்

நோ டிஸ்க் என்று வந்தால் முதலில் கடையில் வாங்கிய பழைய பட டிவிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் லென்ஸ்தான். அது ஓடி, உங்களுடையது ஓடவில்லை என்றால் டிஸ்க் வகை, எழுதிய வேகம் இரண்டையும் மாற்றி இன்னொன்று எழுதுங்கள். சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்பதும் லென்ஸ் பக்கம் கைகாட்டும். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று இரண்டு ஒளி. ஒன்று தேய்ந்தாலும் மற்றது வேலை செய்யும்.

நெல் அறுவடைக் காலத்தில் வீட்டுக்குள் வரும் தூசி லென்ஸில் படியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாக ஒரு முறை துடையுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பியில் தொங்குவதால் அழுத்தக் கூடாது. மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் வேண்டாம்.

படம் வருகிறது, ஒலி இல்லை என்றால் பிளேயர் செட்டப்பில் டிஜிட்டல் ஆடியோவை பிசிஎம் என்று மாற்றிப் பாருங்கள். பாட்டு பெரிதாகவும் பேச்சு சன்னமாகவும் கேட்டால், 5.1 ஒலியை அப்படியே விட்டிருக்கிறீர்கள். ஸ்டீரியோவாகச் சுருக்கி மறுபடி மாற்றுங்கள். கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் விக்கினால் 30 ஃபிரேமை 25க்கு இறக்கியதன் விளைவு. அதை முழுவதும் போக்க முடியாது. அந்த வீட்டு டிவி என்டிஎஸ்சியை வண்ணத்தில் காட்டுகிறதென்று சோதித்துத் தெரிந்தால், அந்த வீடியோவுக்கு மட்டும் என்டிஎஸ்சி போடலாம்.

இறக்கும் கோப்பு உங்களுடையதாகவோ, உரிமைக்காரர் அனுமதித்ததாகவோ இருக்கட்டும். கீர்த்தனை பழையதாக இருந்தாலும் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு.

டிஸ்க்கின் மேல் பெயரை டிஸ்க்குக்கென்றே விற்கும் மென்முனை மார்க்கரால் எழுதுங்கள். காகித லேபிள் ஒட்டினால் சுழலும்போது எடை ஒருபக்கம் சாயும், புழுக்கத்தில் ஓரம் கிளம்பிப் பிளேயருக்குள் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு, சுவரை ஒட்டாமல் நிறுத்திவையுங்கள். ஐஎஸ்ஓ கோப்பைக் கணினியிலும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்திருந்தால், டிஸ்க் கீறல் விழுந்தாலும் கால் மணி நேரத்தில் வேறொன்று எழுதிக் கொடுத்துவிடலாம்.